உலக மீநுண்துகள் மாதிரிகள்: கோலாலம்பூருக்கு வரும் எண்ணை எதை வைத்து நம்புவது?

#1 கிள்ளான்காற்று

வணக்கம். 100 நானோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள மீநுண்துகள்களை உலக அளவில் கணக்கிடும் மாதிரிகளிலிருந்து கிள்ளான் பள்ளத்தாக்கையும் பினாங்கையும் மட்டும் வெட்டியெடுத்து, மக்கள் எவ்வளவு சுவாசிக்கிறார்கள் என்று மதிப்பிட வேண்டும். கையில் இரண்டு மாதிரி ஓட்டங்கள். ஒன்று, துகள்களை அளவுவாரியாகச் சில கூட்டங்களாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணிவடிவப் பரவல் (லாக்-நார்மல் மோட்) வைத்து ஓடும் எம்7 வகை. மற்றது அளவுப் பெட்டிகளாகப் பிரித்து ஓடும் ஜியோஸ்-கெம் டோமாஸ். இரண்டுக்கும் ஒரே உமிழ்வுப் பட்டியல், ஒரே ஆண்டின் வானிலை.

பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களின் மொத்த நிறை, இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வருகிறது. துகள் எண்ணிக்கைதான் நகரப் பகுதியில் நான்கு மடங்குக்கு மேல் விலகி நிற்கிறது. எதைத் தொட்டுப் பார்ப்பது? சுற்றுச்சூழல் துறை நிலையங்களின் பிஎம் 2.5 அளவீட்டை வைத்து எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ள வழி உண்டா?

#2 செபராங்_பெராய்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வழி இல்லை. 2.5 மைக்ரோமீட்டர் துகள் ஒன்றின் நிறைக்கு 100 நானோமீட்டர் துகள்கள் 15,625 வேண்டும். 25 நானோமீட்டர் என்றால் பத்து லட்சம். பிஎம் 2.5 சரியாக வந்தால் நிறை சரி என்று மட்டும்தான் அர்த்தம். மூட்டையின் எடையைச் சொல்லிவிட்டு, உள்ளே அரிசியா கடுகா என்று சொல்லாமல், எத்தனை மணி இருக்கிறது என்று கேட்பது மாதிரிதான் இது.

நான்கு மடங்கு எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிக்க முடிகிறது. உமிழ்வுப் பட்டியல்கள் நிறையைத்தான் தருகின்றன, கட்டம் ஒன்றுக்கு இத்தனை கிலோ கருங்கரி, இத்தனை கிலோ கரிமத் துகள் என்று. அதை எண்ணிக்கையாக மாற்றுவது மாதிரியின் உள்ளே இருக்கும் இரண்டே எண்கள்: எண்ணிக்கை இடைநிலை விட்டம், சிக்மா எனும் பரவல் அகலம். இவை நேம்லிஸ்ட் எனும் அமைப்புக் கோப்பிலோ, சில மாதிரிகளில் மூல நிரலுக்குள்ளேயோ ஒளிந்திருக்கும். பட்டியல் ஒன்றுதான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இந்த இரண்டு எண்ணும் வேறாக இருந்தால் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அவை இரண்டு வேறு பட்டியல்கள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டரில் 1 மைக்ரோகிராம் கருங்கரி, அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராம்.

விட்டம் 30 நானோமீட்டர், சிக்மா 1.8 என்றால் கன சென்டிமீட்டருக்கு சுமார் 8,300 துகள்.
விட்டம் 60, சிக்மா 1.59 என்றால் சுமார் 1,870.

அதே ஒரு மைக்ரோகிராம்தான். விகிதம் 4.4. விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எண்ணிக்கை எட்டில் ஒன்றாக வேண்டும், ஆனால் சிக்மா குறுகும்போது ஒரு பங்கு திரும்பி வந்துவிடுகிறது. ஒரு துகளின் சராசரி நிறை விட்டத்தின் மும்மடியோடு, 4.5 பெருக்கல் சிக்மாவின் மடக்கை வர்க்கத்தின் அடுக்குக்குறியாலும் பெருகுவதுதான் காரணம். விட்டத்தை மட்டும் பார்த்து சிக்மாவை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு ஜோடியும் என் கற்பனை இல்லை. முதலாவது, ஏரோகாம் ஒப்பீட்டுத் திட்டத்துக்கு 2006-இல் பரிந்துரைத்த போக்குவரத்துப் புகை அளவு. இரண்டாவது, ஈக்கம்-ஹாம் எனும் மாதிரிக் குடும்பம் புதைபடிவ எரிபொருளுக்கு வழக்கமாக வைத்திருப்பது.

#3 கிள்ளான்காற்று

திறந்து பார்த்தேன் அக்கா. மோட் மாதிரியில் 60, 1.59. டோமாஸ் பக்கம் 30, 1.8. அப்படியே நீங்கள் சொன்ன ஜோடிதான். அப்படியென்றால் கோலாலம்பூருக்கு எது சரி? இங்கே பாதிக்குப் பாதி மோட்டார் சைக்கிள், அதனால் 30 பக்கம் சாய்வதா?

#4 செபராங்_பெராய்

எது சரி என்பது கட்டத்தின் அகலத்தைப் பொறுத்தது. 30 என்பது சாலையோரத்தில், புகை வெளியே வந்து சில விநாடிகளில் அளந்தது. 60 என்பது அந்தப் புகை கொஞ்ச தூரம் போய், சின்னவை பெரியவற்றோடு ஒட்டி, ஆவியாகக்கூடியது ஆவியாகிப் போன பிறகு இருக்கும் நிலைக்கு நெருக்கம். மாதிரி எந்த நிலையில் துகளை உள்ளே வாங்குகிறது என்று கேளுங்கள். 2 பாகைக்கு 2.5 பாகைக் கட்டம், வந்த புகையை நொடியில் 200 கிலோமீட்டருக்கு மேல் பரப்பிவிடுகிறது. இடையில் நடந்த ஒட்டுதல் எதையும் அது பார்ப்பதே இல்லை. சாலையோர அளவை அதற்குக் கொடுத்தால் எண்ணிக்கை மிகும். 1 கிலோமீட்டர் மாதிரிக்கு 60-ஐக் கொடுத்தால் நெடுஞ்சாலை ஓரம் குறைந்து தெரியும்.

அந்த 2 க்கு 2.5 கட்டத்தை வரைபடத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஜியோஸ்-கெம்மில் கட்ட விளிம்புகள் 1, 3, 5 பாகை வடக்கிலும், 98.75, 101.25, 103.75 பாகை கிழக்கிலும் ஓடுகின்றன. கோலாலம்பூர் 3.14 வடக்கு, 101.69 கிழக்கு. ஆக அது விழும் கட்டத்தில் தாமான் நெகாரா காடும் குவாந்தானும் கூடவே இருக்கின்றன. சிப்பாங் விமான நிலையம் 2.75 வடக்கில் இருப்பதால் தெற்குக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. சிரம்பானும் அங்கேதான். கிள்ளான் துறைமுகம் கிட்டத்தட்ட 3 பாகைக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கப்பல் புகை எந்தக் கட்டத்துக்குப் போகும் என்பதைப் பட்டியலை மறுகட்டமிடும் நிரல்தான் முடிவு செய்கிறது. பினாங்கு 5 முதல் 7 பாகைக் கட்டத்தில் அலோர் ஸ்டாரோடும் லங்காவியோடும் நீரிணைத் தண்ணீரோடும் கலந்துவிடும். "கோலாலம்பூர் எண்" என்று நீங்கள் எடுக்கும் எண், பகாங் காட்டின் எண்ணும்தான்.

மோட்டார் சைக்கிள் விஷயத்தில் மொத்த நிறைக்கு ஒரே விட்டம் கொடுக்காதீர்கள். துறைவாரியாகப் பிரியுங்கள்: சாலை, கப்பல், மின் நிலையம், திறந்தவெளி எரிப்பு. எரிப்புக்கு ஏரோகாம் அளவு 80 நானோமீட்டர். அதைச் சாலைக்கு வைத்தாலும், சாலை அளவை அதற்கு வைத்தாலும் எரிப்புப் புகை வரும் சுமத்ராவுக்கும் வாகனப் புகை நிறைந்த சிலாங்கூருக்கும் இடையிலான வித்தியாசமே அழிந்துவிடும்.

பட்டியலின் ஆண்டையும் பாருங்கள். வால்குழாயிலிருந்து வரும் மிகச் சின்னத் துகளில் பெரும்பகுதி கந்தக அமிலமும் எண்ணெய் ஆவியும் குளிர்ந்து உருவாவது. நம் டீசலில் கந்தகம் முன்பு 500 பிபிஎம் வரை இருந்தது. 2021 ஏப்ரலில் யூரோ 5 எரிபொருள் தரம் கட்டாயமானதும் 10 பிபிஎம் ஆனது. நீரிணையில் ஓடும் கப்பலுக்கு 2020 ஜனவரி 1 முதல் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5. இந்த இரண்டுக்கும் முந்தைய பட்டியலை இன்றைய வானிலையோடு ஓட்டினால் வருவது இன்றைய காற்று இல்லை.

#5 பிரிக்பீல்ட்ஸ்_குழாய்

அக்கா சொல்றது மாதிரி பக்கம். நான் கருவி பக்கம் சொல்றேன், ஏன்னா கடைசில ஒப்பிடப்போறது அதோடதான்.

"துகள் எண்ணிக்கை"ன்னு சொல்றதுக்கு முன்னாடி எத்தனை நானோமீட்டர்லேர்ந்துன்னு கேளுங்க. பியூட்டனால் ஊத்தி ஓடுற எண்ணிக்கைக் கருவி, சிபிசி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கீழ் எல்லை இருக்கு. ஐரோப்பிய தரம் முன்னாடி 7 நானோமீட்டர்னு இருந்துச்சு, 2024 பதிப்புல 10 ஆக்கிட்டாங்க. சின்ன வித்தியாசம்னு தோணும். மாதிரியோட நியூக்ளியேஷன் மோட், அதாவது ஆவியிலேர்ந்து புதுசா பிறந்த மிகச் சின்ன துகள் கூட்டம், 8 நானோமீட்டர் இடைநிலை, சிக்மா 1.59ன்னு வைங்க. 7 கருவி அதுல 61 விழுக்காடு எண்ணும். 10 கருவி 31 விழுக்காடுதான் எண்ணும். அதே காற்று, பாதி எண்ணிக்கை. மாதிரியோட மொத்த எண்ணிக்கைய நேரா கருவிகிட்ட வச்சு "மாதிரி மிகுதி"ன்னு எழுதுறவங்க இதத்தான் செய்றாங்க.

அடுத்தது குழாய். சின்னத் துகள் சுவர்ல போய் ஒட்டிக்கும். குழாய் பெருசா வச்சா இழப்பு குறையும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. சீரான ஓட்டத்துல இழப்பு நீளத்தையும் ஓட்ட அளவையும்தான் பொறுத்தது, குழாய் விட்டம் கணக்குலயே வராது. 3 மீட்டர் குழாய், நிமிஷத்துக்கு 1 லிட்டர் ஓட்டம்: 10 நானோமீட்டர் துகள்ல 22 விழுக்காடு போயிடும். அதே குழாய்ல 5 லிட்டர் இழுத்து, கருவிகிட்ட வந்து 1 லிட்டர மட்டும் பிரிச்சு எடுத்தா 8 விழுக்காடுதான். 100 நானோமீட்டருக்கு 1 லிட்டர்லயே ஒரு விழுக்காடுதான் போகும். அதனால இந்த இழப்ப ஒரே எண்ணால பெருக்கித் திருத்த முடியாது, அளவுவாரியா திருத்தணும். பிளாஸ்டிக் குழாய் வேணாம், மின்னேற்றம் பிடிச்சு இன்னும் தின்னும். ஸ்டீல் இல்லேன்னா கடத்தும் சிலிக்கோன்.

நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒண்ணு இருக்கு. வெளியே 30 பாகை, ஈரப்பதம் 75ன்னா பனிநிலை, அதாவது ஈரம் தண்ணியா மாறுற வெப்பநிலை, 25 பாகை. அறையில ஏர்கான் 22ல ஓடுது. குழாய் சுவத்துக்கு உள்ளே நுழைஞ்ச உடனே உள்பக்கம் தண்ணி கோத்துக்கும். முதல்ல எண்ணிக்கை மெதுவா இறங்கும், அப்புறம் துள்ளும், அப்புறம் கருவி பியூட்டனால்ல தண்ணி கலந்து கீழ் எல்லையே நகர்ந்துடும். ஐரோப்பாவுல எழுதின கையேட்டுல இதுக்கு ஒரு வரிதான் இருக்கும். இங்கே செய்ய வேண்டியது: உலர்த்தி சுவத்துக்கு வெளியே, உள்ளெடுப்பு முனைக்குக் கீழேயே. நாஃபியான் உலர்த்தி நல்லது. சிலிக்கா ஜெல்லுன்னா ரெண்டு உருளை மாத்தி மாத்தி, நிறம் மாறுற வரை காத்திருக்காம. கருவிக்குள்ள போற காத்தோட ஈரப்பதம் 40க்குக் கீழ. அறைய 26, 27ல வைங்க. உள்ளே வர்ற குழாய சுத்தி இன்சுலேஷன். பியூட்டனால் வடிகால்ல தண்ணிப் படலம் தெரியுதான்னு அடிக்கடி பார்த்து, சந்தேகமா இருந்தா புதுசா ஊத்துங்க. வாடை அறை முழுக்க அடிச்சா வெளியேத்துற குழாய் எங்கேயோ கழண்டிருக்கு.

ஆக, உள்ளூர் தரவு ஒண்ணு கிடைச்சா மூணு கேள்வி: கீழ் எல்லை என்ன, உலர்த்தி எங்கே, குழாய் எவ்ளோ நீளம் எவ்ளோ ஓட்டம். பதில் இல்லேன்னா அந்தத் தரவ ஒப்பீட்டுக்கு எடுக்காதீங்க.

#6 சுங்கை_பூலோ

இவ்வளவு சிரமம் எதற்கு? வீடுகளில் மாட்டியிருக்கும் மலிவு உணரிகள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கின்றன, அவற்றில் 0.3 மைக்ரோமீட்டர் எண்ணிக்கை என்று ஒரு நெடுவரிசையும் வருகிறதே. அதை எடுத்துக்கொள்ளலாம்தானே?

#7 பிரிக்பீல்ட்ஸ்_குழாய்

வராதுண்ணே. அது லேசர் ஒளி சிதறலப் பார்க்குது. ஒளி அலைநீளத்த விட ரொம்பச் சின்ன துகள் விட்டத்தோட ஆறாம் அடுக்குல சிதறும், 300லேர்ந்து 30க்கு இறங்கினா பத்து லட்சத்துல ஒரு பங்கு. நீங்க சொல்ற நெடுவரிசை தொடங்குற இடத்துக்கு முன்னாடியே மீநுண்துகள் முடிஞ்சிடுது. கையில தூக்கிட்டுப் போய் அளக்கணும்னா மின்னேற்ற முறைக் கருவி இருக்கு. 10லேர்ந்து சில நூறு நானோமீட்டர் வரை பார்க்கும், துல்லியம் 30 விழுக்காடு ஏற இறங்க. தெருவுக்குத் தெரு வித்தியாசம் பார்க்க அது போதும். ஆண்டு சராசரிக்கு அத நம்ப வேணாம்.

#8 செபராங்_பெராய்

பிஎம் 2.5-ஐ வைத்துத் திருத்தக்கூடாது என்று சொன்னதற்கு நிறைக் கணக்கைத் தாண்டி இன்னொரு காரணமும் இருக்கிறது. நமக்கு அதுதான் முக்கியம். புகைமூட்ட நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள், 2015, 2019 மாதிரி. சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் புகை வழியிலேயே மூப்படைந்து பெரும்பாலும் 100 நானோமீட்டருக்கு மேல் போய்விடும். அவை காற்றில் நிறைந்திருக்கும்போது 10 நானோமீட்டர் துகள் ஒன்று பிழைப்பது கடினம். கன சென்டிமீட்டருக்கு 10,000 எண்ணிக்கையில் 100 நானோமீட்டர் துகள்கள் இருந்தாலே ஒரு 10 நானோமீட்டர் துகளின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், அதற்குள் ஏதாவது ஒன்றில் ஒட்டிவிடும். கூடவே, புதிதாகத் துகள் உண்டாக்க வேண்டிய கந்தக அமில ஆவியையும் அந்தப் பெரிய பரப்பே விழுங்கிவிடும்.

அதனால் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 200-ஐத் தாண்டும் நாளில் மொத்த எண்ணிக்கை ஏறினாலும், அதில் 50 நானோமீட்டருக்குக் கீழுள்ள பங்கு சுருங்கும். மழை கழுவிவிட்டுப் போன பளிச்சென்ற பகலில், குறியீடு 40-இல் நிற்கும்போது, வெயிலும் கந்தக டையாக்சைடும் இருந்தால் சின்னத் துகள் துள்ளி எழக்கூடும். இரண்டும் எதிர்த் திசையில் நகரக்கூடியவை. பிஎம் 2.5-ஆல் பெருக்கித் திருத்தினால் புகைமூட்ட நாளைப் பெரிதாக்கி, தெளிந்த நாளைச் சின்னதாக்கிவிடுவீர்கள். இரண்டும் தப்பு.

குறியீட்டில் உள்ள ஆறு மாசுகளில் மீநுண்துகள் இல்லவே இல்லை என்பதையும் அறிக்கையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். படிக்கிறவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள்.

#9 ஆயர்_ஈத்தாம்

மாதிரியை ஓட்டாமலே இயந்திரக் கற்றல் வழியாகப் போகிறவர்கள் இப்போது அதிகம். எமாக் எனும் உலக மாதிரியின் ஓட்டத்தை 0.1 பாகைக்கு இறக்கிய உலகத் தரவு 2023-இலேயே வந்துவிட்டது. 0.1 பாகை என்றால் நமக்கு 11 கிலோமீட்டர். இரட்டைக் கோபுரத்திலிருந்து பெட்டாலிங் ஜெயா வரை ஏறக்குறைய ஒரே கட்டம். வீட்டு வாசல் அளவு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

நிலையத் தரவை வைத்து மரவகை முறைகளை (முடிவு மரங்களால் கணிப்பவை) பயிற்றுவிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

பயிற்சி நிலையங்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கின்றன. மரவகை முறை, பயிற்சியில் பார்த்த மிகப் பெரிய மதிப்புக்கு மேல் எதையும் சொல்லாது. ஆண்டு முழுக்க 27, 28 பாகை, ஈரப்பதம் 80 என்ற இடம் அந்தப் பயிற்சித் தொகுப்பில் இல்லையென்றால், அது நம்மைத் தெற்கு ஐரோப்பாவின் கோடைக்காலம் என்று நினைத்துப் பதில் சொல்லும். பிழைமதிப்பு அழகாக இருக்கும். காரணம், நிலையங்களைச் சீரற்ற முறையில் பிரித்துச் சோதித்திருப்பார்கள். ஒரே நகரத்தின் ஒரு நிலையம் பயிற்சியிலும் பக்கத்து நிலையம் சோதனையிலும் உட்கார்ந்திருக்கும். ஒரு கண்டத்தையே வெளியே எடுத்து வைத்துச் சோதித்துப் பாருங்கள், அப்போது தெரியும்.

நைட்ரஜன் டையாக்சைடு நல்ல துணை மாறிதான், போக்குவரத்தோடு கூடவே நகரும். ஆனால் கந்தகம் 500-லிருந்து 10-க்கு இறங்கியபோது துகள் எண்ணிக்கை இறங்கியிருக்கும், நைட்ரஜன் டையாக்சைடு அதே விகிதத்தில் இறங்கியிருக்காது. 2021-க்கு முன்னும் பின்னும் உள்ள தரவை ஒரே தொகுப்பில் கலந்து ஒரே விகிதம் கற்பித்தால் இரண்டு காலத்துக்கும் பொருந்தாத ஒன்று கிடைக்கும்.

#10 கிள்ளான்காற்று

நன்றி. துறைவாரியாகப் பிரித்து, சாலைக்கு இரண்டு மாதிரிக்கும் ஒரே விட்டம், ஒரே சிக்மா வைத்து மறுபடி ஓட்டினேன். நகரத்தில் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் டோமாஸில் கடலுக்கு மேலும் காட்டுக்கு மேலும் பகல் 11 மணிக்கு எண்ணிக்கை குபுக்கென்று எழுகிறது. மற்றதில் இல்லை. புதுத் துகள் உருவாக்கத்தைச் சந்தேகிக்கலாமா?

#11 செபராங்_பெராய்

அதையேதான் சந்தேகிக்க வேண்டும். எந்த நியூக்ளியேஷன் வாய்ப்பாடு ஓடுகிறது? கந்தக அமிலமும் நீராவியும் மட்டும் சேரும் இருகூட்டு வாய்ப்பாடு நம் தரைமட்ட வெப்பத்தில் ஏறக்குறைய எதையும் தராது. அதனால் பலர் எல்லைப் படலத்துக்கு (தரையை ஒட்டிக் கலக்கும் காற்றடுக்கு) மட்டும் ஒரு அனுபவ வாய்ப்பாட்டை மேலே ஒட்டிவிடுகிறார்கள்: உருவாகும் வேகம் கந்தக அமிலச் செறிவுக்கு நேர் விகிதம், ஒரே ஒரு மாறிலி. அந்த மாறிலி பின்லாந்துக் காட்டில் அளந்து பெற்ற வகை. ஊசியிலைக் காட்டின் ஆவி அங்கே செய்த வேலையெல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் மறைந்திருக்கிறது. நம் காட்டிலிருந்து வருவது பெரும்பாலும் ஐசோப்ரீன். தரைமட்டத்தில் அது புதுத் துகளுக்கு உதவுவதைவிடத் தடையாக இருப்பதே அதிகம். வெப்பமண்டலத்தில் புதுத் துகள் பெருமளவில் பிறப்பது உயரத்தில், இடிமேகம் கக்கும் குளிர்ந்த காற்றில். அங்கிருந்து மெல்ல இறங்கி வரும். பின்லாந்து மாறிலியைத் தாமான் நெகாரா தரைமட்டத்தில் ஓட்டினால் நீங்கள் பார்க்கும் 11 மணி குபுக்குதான் கிடைக்கும்.

செர்ன் ஆய்வகத்தின் கிளவுட் எனும் சோதனை அறையில் அளந்ததை வைத்து எழுதிய வாய்ப்பாடுகள் அமோனியா, உயிரின ஆவி, அயனி ஆகியவற்றைத் தனித்தனியாக, வெப்பநிலையோடு சேர்த்துத் தருகின்றன. உங்கள் பதிப்பில் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லையென்றால் அனுபவ வாய்ப்பாட்டை 10 பாகை வடக்குக்கும் தெற்குக்கும் இடையில் அணைத்துவிட்டு ஒரு ஓட்டம், போட்டுவிட்டு ஒரு ஓட்டம். இரண்டின் வித்தியாசம்தான் உங்கள் நிச்சயமின்மையின் அகலம், அதையும் வரைபடத்தில் காட்டுங்கள்.

இன்னொன்று, பலர் கண்ணில் படாமல் போவது. மாதிரி ஒவ்வொரு காலப்படியிலும் எதை முதலில் செய்கிறது? காலப்படி 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வேதியியல் பகுதி 30 நிமிடக் கந்தக அமிலத்தையும் ஒரே மூச்சில் உற்பத்தி செய்து கொட்டுகிறது. அடுத்து நியூக்ளியேஷன் வந்தால் அது பார்க்கும் செறிவு நிஜத்தில் எந்த நொடியிலும் இல்லாத உச்சம். துகள் கொட்டோ கொட்டென்று கொட்டும். மாறாக, ஆவி படிதல் முதலில் வந்தால் அமிலத்தை அது துடைத்து எடுத்துவிடும், நியூக்ளியேஷனுக்கு மிச்சம் இராது. நம் ஊர் மாதிரி வெயில் கடுமையாகவும் படியும் பரப்பு அதிகமாகவும் உள்ள இடத்தில், அமிலத்தின் ஆயுள் நிமிடக் கணக்கில்தான். 30 நிமிடப் படி அதைவிட எவ்வளவோ நீளம். உற்பத்தியையும் படிதலையும் சேர்த்தே தீர்த்து, அந்தச் சமநிலைச் செறிவை நியூக்ளியேஷனுக்குக் கொடுக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: நுண்துகள் பகுதியின் படியை மட்டும் 30-லிருந்து 5 நிமிடமாக்கி ஒரு வாரம் ஓட்டுங்கள். காட்டின் மேல் எண்ணிக்கை கணிசமாக மாறினால் வரிசைதான் குற்றவாளி, இயற்கை இல்லை.

#12 சுங்கை_பூலோ

பாயான் லெப்பாஸ் பக்கம் விமானப் புகை இதில் எங்கே வருகிறது? உலக மாதிரிகள் அதைப் பார்க்கின்றனவா?

#13 ஆயர்_ஈத்தாம்

பெயருக்கு வருகிறது. விமானத் துகள் 10 முதல் 20 நானோமீட்டர் சுற்றித்தான் அதிகம், எரிபொருள் கந்தகம் முக்கியக் காரணம். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தின் காற்றுத் திசையில் 16 கிலோமீட்டர் தள்ளியும் எண்ணிக்கை இரட்டிப்பாக இருந்ததை 2014-இல் வெளியான அளவீடு காட்டியது. பினாங்குத் தீவின் வடமுனையிலிருந்து தென்முனை வரை 25 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 0.1 பாகைக் கட்டத்தில் ஓடுபாதை, கடல், பாயான் பாரு எல்லாம் ஒன்றாகிவிடும். அதற்குத் தனியாகப் புகைத்தடச் சிதறல் மாதிரி வேண்டும், உலக மாதிரியின் எண்ணைப் பின்னணியாக வைத்து அதன்மேல் ஏற்றலாம். ஏற்றும்போது பட்டியலில் உள்ள விமானநிலைய உமிழ்வை அந்தக் கட்டத்திலிருந்து கழித்துவிடுங்கள், இல்லையென்றால் இருமுறை எண்ணப்படும்.

#14 கிள்ளான்காற்று

உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவோடு ஒப்பிட வேண்டும் என்கிறார்கள். ஐட்கன் மோட்டையும் (நியூக்ளியேஷன் மோட்டுக்கு அடுத்த பெரிய கூட்டம்) நியூக்ளியேஷன் மோட்டையும் கூட்டி மீநுண்துகள் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#15 செபராங்_பெராய்

மோட்டின் பெயர் வேறு, 100 நானோமீட்டர் எல்லை வேறு. ஐட்கனுக்கு அடுத்த பெரிய கூட்டமான திரள் மோட்டின் இடைநிலை 120, சிக்மா 1.59 என்றால் அதன் எண்ணிக்கையில் 35 விழுக்காடு 100-க்குக் கீழேதான் கிடக்கிறது. ஐட்கன் இடைநிலை 60 என்றால் அதில் 13 விழுக்காடு 100-க்கு மேலே நிற்கும். பெயரைப் பார்த்துக் கூட்டாமல் ஒவ்வொரு மோட்டையும் எல்லை வரை தொகையிட வேண்டும்.

ஆனால் உலகச் சுகாதார நிறுவனத்தோடு ஒப்பிட 100-இல் வெட்டவே வேண்டாம். 2021 வழிகாட்டி மீநுண்துகளுக்கு வரம்பு விதிக்கவில்லை, நல்ல நடைமுறைக் குறிப்புகள்தான் தருகிறது. கீழ் எல்லை 10 நானோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு, மேல் எல்லை ஏதுமில்லாத மொத்த எண்ணிக்கையை அளக்கச் சொல்கிறது. கன சென்டிமீட்டருக்கு 1,000-க்குக் கீழ் 24 மணி நேரச் சராசரி இருந்தால் குறைவு. 24 மணி நேரச் சராசரி 10,000-க்கு மேல், அல்லது ஒரு மணி நேரச் சராசரி 20,000-க்கு மேல் இருந்தால் அதிகம். உங்கள் கையில் இருப்பது ஆண்டுச் சராசரி. அதை 10,000 பக்கத்தில் வைத்து "தாண்டவில்லை" என்று எழுதினால் தாண்டிய நாட்கள் எல்லாம் மறைந்துவிடும். தினச் சராசரிகளை எடுத்து எத்தனை நாள் தாண்டியது என்று சொல்லுங்கள்.

#16 பிரிக்பீல்ட்ஸ்_குழாய்

அலகையும் ஒரு தடவை பார்த்துடுங்க தம்பி. மோட் மாதிரி நிறைய, ஒரு கிலோ காத்துக்கு இத்தன துகள்னு வெளியே எழுதும். 30 பாகைல தரைமட்டக் காத்து கன மீட்டருக்கு 1.16 கிலோ. கிலோவுக்கு 1,000 கோடி துகள்னு இருந்தா கன சென்டிமீட்டருக்கு 11,600. விமானத்துல அளந்த தரவோ, 0 பாகைக்குத் திருத்தின தரவோ எடுத்தா இன்னொரு 10 விழுக்காடு இடிக்கும். நம்ம 30 பாகைக் காத்துக்கு 0.9ஆல பெருக்கணும். இத விட்டுட்டு அந்த 10 விழுக்காட்ட இயற்பியல்ல தேடிக்கிட்டு இருக்கறவங்க உண்டு.

#17 கிள்ளான்காற்று

அடுத்த ஓட்டத்துக்கு வெளியீட்டில் எதை எதைக் கேட்பது? வட்டில் இடம் குறைவு, எல்லா அளவுப் பெட்டியையும் மணிக்கணக்கில் உலகம் முழுக்கச் சேமிக்க முடியாது.

#18 செபராங்_பெராய்

உலகம் முழுக்க மாதச் சராசரி போதும். மணிவாரி வெளியீடு 98.75 முதல் 103.75 கிழக்கு, 1 முதல் 7 வடக்கு வரை ஆறு கட்டங்களுக்கு மட்டும். அந்த ஆறுக்கும் எல்லா அளவுப் பெட்டியின் எண்ணிக்கை, கந்தக அமில ஆவி, ஆவி படியும் வேகம், எல்லைப் படல உயரம், மழை. எண்ணிக்கையை மட்டும் சேமித்தால் அது ஏன் ஏறியது என்று பின்னால் சொல்ல முடியாது. எல்லைப் படல உயரம் இல்லாமல் கோலாலம்பூரின் காலை 7 மணி உச்சத்தைப் புரிந்துகொள்ளவே முடியாது, பாதி போக்குவரத்து, பாதி இரவில் தாழ்ந்து கிடந்த மூடி.

தரையை ஒட்டிய அடுக்கை மட்டும் எடுங்கள், ஆனால் அதன் தடிமனைக் குறித்து வையுங்கள். ஜியோஸ்-கெம்மில் அது சுமார் 120 மீட்டர். கூட்டரசு நெடுஞ்சாலை ஓரம் 3 மீட்டர் உயரத்தில் வைத்த கருவியோடு அதை ஒப்பிடக்கூடாது. சாலையிலிருந்து தள்ளியிருக்கும் கட்டடத்தின் கூரைத் தரவு இருந்தால் அதுதான் பொருந்தும்.

#19 பிரிக்பீல்ட்ஸ்_குழாய்

கூரைன்னா ஏர்கான் வெளியேத்தி, சமையலறைப் புகைப்போக்கி, ஜெனரேட்டர் மூணும் எந்தப் பக்கம்னு பார்த்துட்டு உள்ளெடுப்பு முனைய வைங்க. வாரம் ஒரு தடவை டீசல் ஜெனரேட்டர சோதனைக்கு ஓட்டுவாங்க, அந்த நேரத்த கட்டட மேலாளர்கிட்ட கேட்டு வாங்கி தரவுலேர்ந்து வெட்டிடுங்க.